அபாயகரமான பொருள் விபத்துகளில் தலைமை யாருக்கு உரியது?

(மொன்றியல், ரொக்ஸ்பரோவில் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய ஒன்றுகூடல்களில் நாம் வழமையாக மொழி, கல்வி, தாயகம் ஆகியவை பற்றியே பேசி வருகின்றோம். இன்று என்னிடம் தரப்பட்டுள்ள தலைப்பைக் கண்டு சிலர் முகம் சுழித்திருக்கலாம். தீயணைப்புப் படையா, காவற்றுறையா, அம்புலன்ஸ் சேவையா, சுற்றுச்சூழல் அமைச்சா முன்னின்று நடத்துவது என்பது அரசாங்கத்தின் அலுவல் அல்லவா, நமக்கென்ன என்று கேட்கலாம். ஆனால் நள்ளிரவில் உங்கள் கதவைத் தட்டி, "உடனே வெளியேறுங்கள்" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் யார், யாருடைய கட்டளையை எடுத்து வருகிறார், அவருக்கு உண்மையில் என்ன தெரியும் என்பவை உங்கள் உயிரோடு தொடர்புடைய கேள்விகளாகிவிடுகின்றன. அதிலும் சீருடை அணிந்தவர் கதவைத் தட்டினால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கி இருக்கப் பழகிய ஒரு சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். எங்கள் வீடுகளில் இருக்கும் அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் அந்தப் பழக்கத்தை இன்னும் முற்றாக மறந்துவிடவில்லை. ஆகவே இது எமது அலுவலும்தான்.

முதலில் நாம் வாழும் இடத்தைப் பார்ப்போம். ரொக்ஸ்பரோ அமைதியான ஊர். எங்கள் ஊடாகச் சென்ற டு-மொன்தாஞ் தொடருந்துப் பாதை 2020 டிசம்பருடன் மூடப்பட்டு, ரெம் எனப்படும் மின்தொடருந்துக்காக மாற்றியமைக்கப்பட்டது. அதனால் அப்பாதையைப் பற்றி நான் அச்சமூட்டப் போவதில்லை. எனினும் தெற்கே 40 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் எரிபொருள் தாங்கிகளும் இரசாயனப் பாரவூர்திகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அதற்கும் தெற்கே, 20 ஆம் இலக்க நெடுஞ்சாலையை ஒட்டி, நாட்டின் இரு பெரும் தொடருந்து நிறுவனங்களின் சரக்குப் பாதைகள் அருகருகே செல்கின்றன. கியூபெக்கின் பல பனிச்சறுக்கு அரங்குகளில் பனியை உறைய வைப்பது அமோனியா வாயு. பிள்ளைகளை ஹொக்கி பயிற்சிக்குக் கொண்டு செல்லும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்ணி நகர அரங்கில் 2017 ஒக்ரோபர் 17 இல் ஏற்பட்ட அமோனியாக் கசிவில் மூன்று பேர் உயிரிழந்தனர். இறந்தவர்கள் அங்கு பராமரிப்பு வேலையில் ஈடுபட்டிருந்தோர்.

எமக்கு மிக அண்மையில் நடந்த ஒன்றும் உண்டு. 2013 இல், இங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள புவான்-கிளேரில், ஒரு மின்கருவி நிறுவனத்தின் வளவில் பிசிபி எனப்படும் நச்சு எண்ணெய் சட்டவிரோதமாகச் சேமித்து வைக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. ஒழுகல் ஏற்பட்டது மார்ச் மாதத்தில். அயலவர்கள் அதனைப் பரவலாக அறிந்தது ஓகஸ்ட் மாத இறுதியில். அதிகாரிகளுக்குத் தெரிந்த செய்தி அயலவரின் செவிக்கு எட்ட ஐந்து மாதங்கள் பிடித்தன. அங்கே புகையும் இல்லை, வெடிப்பும் இல்லை, சங்கொலியும் இல்லை. அதனால் தலைமை ஏற்கவும் எவரும் அவசரப்படவில்லை.

தலைமை பற்றிய வழக்கு மிக வெளிப்படையாக நடந்த நகரம் நியூயோர்க். 2001 செப்டெம்பர் 11 அன்று அந்நகரில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். காவற்றுறை உலங்குவானூர்தியில் இருந்தோர் கோபுரத்தின் நிலைமையைக் கண்டு எச்சரித்தனர். அந்த எச்சரிக்கை கட்டிடத்தின் உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களின் வானொலிக் கருவிகளைச் சென்றடையவில்லை. இரு சேவைகளுக்கும் இடையில் பல பத்தாண்டுகளாக நிலவிய போட்டியும் அதற்கு ஒரு காரணம் என்பது பின்னர் பேசப்பட்டது. இதற்குப் பரிகாரமாக 2005 ஆம் ஆண்டு மேயர் மைக்கல் புளூம்பேர்க்கின் நிருவாகம் ஒரு புதிய ஒழுங்கைக் கொண்டுவந்தது. அதன்படி இரசாயன, உயிரியல், கதிரியக்க விபத்துகளில் முதன்மைப் பொறுப்பு காவற்றுறைக்கு வழங்கப்பட்டது. தீயணைப்புப் படையின் அன்றைய தலைமை அதிகாரி பீற்றர் ஹேடன், தம் மேயரின் முடிவுக்கு எதிராகவே நகரசபை முன் சாட்சியம் அளித்தார். ஓர் அதிகாரி இவ்வாறு வெளிப்படையாக எதிர்த்துப் பேசுவது சாதாரண விடயமன்று.

நியூயோர்க்கின் வாதத்தையும் நாம் நியாயமாக எடுத்து நோக்க வேண்டும். ஒரு நச்சு வாயு வெளியேற்றம் விபத்தா, திட்டமிட்ட தாக்குதலா என்பது முதல் மணித்தியாலத்தில் தெரியாது. தாக்குதலாயின் இரண்டாவது குண்டு இருக்கலாம், குற்றவாளி கூட்டத்தில் நிற்கலாம், தடயங்கள் அழிந்துபோகலாம். ஆகவே காவற்றுறையே தலைமை ஏற்க வேண்டும் என்றனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அபாயகரமான பொருள் விபத்துகளில் மிகப் பெரும்பாலானவை தாக்குதல்கள் அல்ல. தடம் புரண்ட தாங்கி, உடைந்த குழாய், பழுதான அடைப்பான், கவனக்குறைவான களஞ்சியம் ஆகியவையே அவற்றின் காரணங்கள். அரிதானதை அளவுகோலாக வைத்து அன்றாடத்தை ஒழுங்குபடுத்தினால் அன்றாடம் பாதிக்கப்படும்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது காவற்றுறை வாகனம்தான். ஏனெனில் அவர்கள் ஏற்கனவே வீதியில் இருக்கின்றனர். ஆனால் அவர்களிடம் சுவாசக் கருவியும் இல்லை, இரசாயனப் பாதுகாப்பு உடையும் இல்லை. முன்னர் நிலக்கரிச் சுரங்கத்துள் கனாரிப் பறவையைக் கூண்டில் கொண்டு செல்வார்கள். பறவை விழுந்தால் நச்சு வாயு இருக்கிறது என்று பொருள். வட அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் மத்தியில், எதையும் அறியாமல் முதலில் நடந்து செல்லும் காவலரை 'நீலக் கனாரி' என்று சொல்லும் கசப்பான பகிடி ஒன்று உண்டு. பகிடி என்றாலும் அது ஒரு பாடம். முன்னே செல்பவர் தலைமை தாங்கும் தகுதி பெற்றவர் என்று கொள்ள முடியாது.

இனி, கியூபெக்கில் வாழும் எவரும் தவிர்க்க முடியாத நிகழ்வுக்கு வருகின்றேன். லக்-மெகான்ரிக். இங்குள்ள இளையோர் பலருக்கு அப்போது மிகச் சிறிய வயது; ஆகவே சற்று விரிவாகவே சொல்கின்றேன்.

2013 யூலை 5 ஆம் நாள் இரவு, மசகெண்ணெய் நிரப்பிய 72 தாங்கிப் பெட்டிகளுடன் வந்த ஒரு சரக்குத் தொடருந்து, நான்த் என்னும் சிறிய கிராமத்தில், சரிவான பாதையில் நிறுத்தப்பட்டது. அத்தொடருந்தில் ஒரேயொரு சாரதி மட்டுமே இருந்தார். அவர் ஏழு கைத்தடுப்புகளை இறுக்கிவிட்டு, முன் இயந்திரத்தை ஓடவிட்டபடியே, லக்-மெகான்ரிக்கில் உள்ள விடுதிக்கு உறங்கச் சென்றார். அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால்தான் காற்றழுத்தத் தடுப்பு வேலை செய்தது. ஏழு கைத்தடுப்புகள் மட்டும் அந்தச் சரிவில் அத்தனை பாரத்தைத் தாங்கப் போதுமானவை அல்ல. இது நிகழ்வின் உயிர்முடிச்சு, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுக்குச் சற்று முன்னர் அந்த இயந்திரத்தில் தீப்பற்றியது. 911 இற்கு அழைப்புச் சென்றது. நான்த் கிராமத்துத் தீயணைப்பு வீரர்கள் வந்தனர். தொடருந்து நிறுவனத்தின் அறிவுறுத்தல்களுக்கு ஏற்ப எரிபொருளை நிறுத்தினர், இயந்திர அறையின் மின் இணைப்புகளையும் நிறுத்தினர், தீயை அணைத்தனர். தம் கடமையை அவர்கள் சரியாகவே செய்தார்கள். தொடருந்து நிறுவனம் அவ்விடத்துக்கு ஒருவரை அனுப்பியிருந்தது. ஆனால் அவர் தண்டவாளப் பராமரிப்பைச் சேர்ந்தவர். இயந்திரத்தை இயக்குவது பற்றிய பின்னணி அவருக்கு இல்லை. விடுதியில் இருந்த சாரதி திருப்பி அழைத்து வரப்படவில்லை. தூரத்தில் இருந்த கட்டுப்பாட்டாளருடன் தொலைபேசியில் பேசிவிட்டு, நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னர் அனைவரும் கலைந்து சென்றனர்.

இயந்திரம் நின்றுவிட்டது. காற்றழுத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில், ஆளில்லாத அந்தத் தொடருந்து தானாகவே உருளத் தொடங்கியது. 11 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை இருளில் கடந்து, மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வேகத்தில், யூலை 6 அதிகாலை 1.15 மணியளவில் லக்-மெகான்ரிக் நகரின் மத்தியில் தடம் புரண்டது. 63 தாங்கிகள் கவிழ்ந்தன. ஏறத்தாழ 60 இலட்சம் லீற்றர் எண்ணெய் கொட்டியது. 47 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 40 கட்டிடங்கள் அழிந்தன. சுமார் 2,000 பேர் வெளியேற்றப்பட்டனர். கோடைகாலத்து வெள்ளிக்கிழமை இரவு அது. உயிரிழந்தவர்களில் பலர் நகர மத்தியில் இருந்த ஓர் இசை மதுச்சாலையில் கூடியிருந்தவர்கள்.

கியூபெக்கின் 80 வரையான உள்ளூராட்சிகளில் இருந்தும், எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இருந்தும் ஏறத்தாழ 1,000 தீயணைப்பு வீரர்கள் அங்கு வந்து உழைத்தனர். மனித உடல்களைத் தேடும் பணியும் குற்றவியல் விசாரணையும் மாகாணக் காவற்றுறையிடம் இருந்தன. மண்ணிலும் ஆற்றிலும் கலந்த எண்ணெய் சுற்றுச்சூழல் அமைச்சின் பொறுப்பாயிற்று. தொடருந்து நிறுவனத்தின் ஊழியர் மூவர் மீது வழக்குத் தொடரப்பட்டு, 2018 சனவரியில் மூவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர்.

இந்த நிகழ்வில் தலைமை பற்றிய கேள்வி எங்கே இருக்கிறது? பெரும் தீயின்போது அல்ல. அதற்கு முன்னைய அந்த அரை மணித்தியாலத்தில், நான்த் கிராமத்தில். அங்கே தலைமை தீயணைப்புப் படையிடமே இருந்தது, இருக்கவும் வேண்டும். ஆனால் தலைமை தாங்கியவரிடம், "இந்த இயந்திரத்தை நிறுத்தினால் தடுப்புக்கு என்ன நடக்கும்?" என்று கேட்பதற்கு விடை தெரிந்த ஒருவர் அருகில் இல்லை. அபாயகரமான பொருளுக்கு உரியவர், அதனை நன்கறிந்த ஒருவரை அவ்விடத்துக்கு அனுப்பும் வரை, தீ அணைந்தாலும் ஆபத்து முடிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. நான் இங்கு சொல்ல வந்த கருத்துகளில் இதுவே முக்கியமானது என்று கருதுகின்றேன். காவற்றுறை தலைமை தாங்கியிருந்தாலும் அன்றிரவு முடிவு வேறாக இருந்திராது.

இன்னுமொரு விபரம். அந்த எண்ணெய் உண்மையில் இருந்ததைவிடக் குறைந்த ஆபத்துடையதாக ஆவணங்களில் வகைப்படுத்தப்பட்டிருந்தது என விசாரணை கண்டறிந்தது. தம் நகரின் ஊடாக என்ன செல்கிறது என்பதை உள்ளூராட்சிகள் ஒழுங்காக அறிந்துகொள்ளவும் அன்று வழியிருக்கவில்லை. 2013 நவம்பரில்தான், எடுத்துச் செல்லும் அபாயகரமான பொருட்கள் பற்றிய விபரங்களைத் தொடருந்து நிறுவனங்கள் உள்ளூராட்சிகளின் அவசரகாலத் திட்ட அதிகாரிகளுக்கு வழங்க வேண்டும் எனக் கூட்டரசு உத்தரவிட்டது. 2016 இல் அது விரிவாக்கப்பட்டது. 47 உயிர்களின் பின்னர் வந்த உத்தரவு.

இதற்கு மாறான ஒரு நிகழ்வையும் கனடா கண்டுள்ளது. ரொறன்ரோவில் உறவினர் உள்ள எல்லோருக்கும் மிசிசாகா தெரியும். 1979 நவம்பர் 10 ஆம் நாள் நள்ளிரவை அண்மித்த வேளையில், மேவிஸ் வீதிக்கு அருகே 106 பெட்டிகள் கொண்ட சரக்குத் தொடருந்து ஒன்று தடம் புரண்டது. புரொப்பேன் தாங்கிகள் வெடித்து எரிந்தன. அவற்றின் நடுவே 90 தொன் குளோரின் தாங்கி ஒன்று துளையுடன் கிடந்தது. அடுத்த நாட்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், வைத்தியசாலை நோயாளிகள் உட்பட, வெளியேற்றப்பட்டனர். அவ்விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. வட அமெரிக்காவில் அதுவரை நடந்த சமாதானகால வெளியேற்றங்களுள் அதுவே மிகப் பெரியது.

அங்கே வீடு வீடாகச் சென்று கதவுகளைத் தட்டியவர்கள் பீல் பிராந்தியக் காவற்றுறையினர். தீயுடன் போராடியவர்கள் தீயணைப்புப் படையினர். நோயாளிகளை ஏற்றிச் சென்றவர்கள் அம்புலன்ஸ் சேவையினர். மேயர் ஹேசல் மக்கலியன், மாகாண அமைச்சர் றோய் மக்மேர்ட்ரி, இரசாயன அறிஞர்கள், நிறுவனப் பிரதிநிதிகள் ஆகியோர் ஒரே அறையில் அமர்ந்து முடிவெடுத்தனர். தாங்கியில் என்ன இருக்கிறது, காற்று எங்கே வீசுகிறது என்று அறிந்தவர் சொல்ல, அதனை வைத்து எந்த வீதி அடுத்து வெளியேற வேண்டும் என்பது தீர்மானிக்கப்பட்டது. ஒரு சேவை எல்லாவற்றையும் செய்ய முற்படவில்லை என்பதே அதன் வெற்றிக்குக் காரணம். அடுத்த ஆண்டே, 1980 இல், அபாயகரமான பொருட்களின் போக்குவரத்துக்கான கூட்டரசுச் சட்டம் பிறந்தது.

அறிந்தவர் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு யப்பான் சான்று. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்கத் தொடருந்துகளில் சரின் என்னும் நச்சு பரப்பப்பட்டது. தீயணைப்புப் படை அதனை முதலில் வேறொரு இரசாயனம் என்று கருதியது. காவற்றுறை சில மணித்தியாலங்களில் அது சரின் எனக் கண்டறிந்தது. ஆனால் அன்று மட்டும் 640 நோயாளிகளை ஏற்றுக்கொண்ட சென் லூக்ஸ் வைத்தியசாலையின் மருத்துவர்கள் அதனைத் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்தே அறிந்தனர்! நோயாளிகளின் உடைகளில் இருந்து எழுந்த நச்சினால் அவ்வைத்தியசாலையின் ஊழியர் 110 பேரும் பாதிக்கப்பட்டனர். காவற்றுறையிடம் உண்மை இருந்தது. உண்மை தேவைப்பட்டவரிடம் அது சென்று சேரவில்லை.

எமது பக்கத்துக் கதைகள் இன்னும் துயரமானவை. போபாலில் 1984 டிசம்பர் 2 ஆம் நாள் இரவு வெளியேறிய வாயுவுக்கு என்ன சிகிச்சை என்று மருத்துவர்களுக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை அண்மித்து ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மீனவ மக்கள் மூச்சுத் திணறி விழித்து, தாங்களே ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு ஓடினர். 50 இற்கும் மேற்பட்டோர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். கொழும்புக் கடலில் 2021 மே 20 அன்று தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலமும் அடக்கம். அமிலம் ஒழுகுவதைக் கப்பலில் இருந்தோர் தீப்பற்றுவதற்கு முன்னரே அறிந்திருந்தனர்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தோருக்குச் சுன்னாகம் நினைவிருக்கும். மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சுற்றுச்சூழல் அதிகார சபை, நீர் வழங்கல் சபை, சுகாதாரத் திணைக்களம், மாகாணசபை என்று பொறுப்பு அலைந்தது. இறுதியில் 2019 ஏப்ரல் 4 ஆம் நாள் இலங்கை உச்ச நீதிமன்றம், அம்மின்நிலையத்தை இயக்கிய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. வழக்காடித்தான் பெற வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் சற்று உயர்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி மொன்றியல் நிலைமைக்கு வருவோம். 2002 சனவரி 1 இல் ரொக்ஸ்பரோ உட்பட்ட நகரங்கள் மொன்றியலுடன் இணைக்கப்பட்ட பின்னர், தீவு முழுவதற்கும் ஒரே தீயணைப்புச் சேவையே உள்ளது. பின்னர் பிரிந்து சென்ற அயல் நகரங்களுக்கும் அதுவே சேவை செய்கிறது. அபாயகரமான பொருட்களுக்கான சிறப்புப் பயிற்சி பெற்ற அணி அச்சேவையினுள் இருக்கிறது. தீவின் குடிசார் பாதுகாப்பு ஒருங்கிணைப்பும் தீயணைப்புச் சேவையின் இயக்குநரிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. காவற்றுறை வீதிகளை மூடி மக்களை அப்புறப்படுத்துகிறது. அம்புலன்ஸ் பணியை ஊர்ஜான்ஸ்-சாந்தே பார்க்கிறது. மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சின் அவசரப் பிரிவு நிலத்தையும் நீரையும் கவனிக்கிறது. ஒட்டாவாவில் 1979 முதல் இயங்கும் கனுடெக் நிலையம், எந்த இரசாயனத்தைப் பற்றியும் இருபத்துநான்கு மணி நேரமும் தொலைபேசியில் ஆலோசனை வழங்குகிறது.

இந்த ஒழுங்கு எனக்குச் சரியாகவே படுகிறது. காரணம் எளிது. அபாயகரமான பொருள் விபத்து நடந்த இடத்தை மூன்று வலயங்களாகப் பிரிப்பார்கள். உட்புறமான ஆபத்து வலயத்துள் சுவாசக் கருவியுடனும் பாதுகாப்பு உடையுடனும் நுழைந்து, வால்வை மூடி, ஆளை மீட்டு, வெளியே வந்து உடலைக் கழுவிக்கொள்ளப் பயிற்சி பெற்றவர்கள் தீயணைப்பு வீரர்கள். உள்ளே செல்பவரின் உயிருக்குப் பொறுப்பான அதிகாரியே வெளியே எல்லைக்கோடு எங்கே என்று சொல்ல வேண்டும். அந்தக் கோட்டைக் காப்பது காவற்றுறையின் வேலை. கோட்டை வரைபவரும் காப்பவரும் இரு வேறு தலைமைகளின் கீழ் இருந்தால், மக்கள் தவறான பக்கத்தில் நிற்க நேரிடும். தாக்குதல் என்பதற்கான அடையாளம் தெரிந்தால், ஆபத்து கட்டுக்குள் வந்ததும், இடத்தைக் காவற்றுறையிடம் ஒப்படைக்கலாம். தடயத்தைவிட உயிர் முந்தியது.

ஆனால் தீயணைப்புப் படைக்குத் தலைமை கொடுப்பதோடு எமது கோரிக்கை முடிந்துவிடக் கூடாது. தலைமை தாங்குபவர் மக்களுக்குச் சொல்லும் கடமையையும் ஏற்க வேண்டும். 2024 செப்டெம்பர் 23 அன்று மொன்றியல் துறைமுகத்தில் ஏறத்தாழ 15,000 கிலோ லிதியம் மின்கலங்கள் இருந்த ஒரு கொள்கலன் எரிந்தபோது, அயலில் வாழ்ந்தோரை யன்னல்களை மூடிக்கொண்டு வீட்டினுள் இருக்குமாறு அறிவித்தனர். நல்லது. ஆனால் 2018 முதல் எமது கைத்தொலைபேசிகளுக்கு வரும் அவசர அறிவித்தல்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகின்றன. இரண்டும் வாசிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி, பேரப்பிள்ளைகள் பள்ளி சென்ற பின்னர் தனித்திருக்கும் வீட்டில், அந்த அலறல் ஒலியைக் கேட்டு என்ன செய்வார்? மூச்சு முட்டுகிறது என்று யன்னலைத் திறப்பார். திறக்கவே கூடாத நேரத்தில் திறப்பார்.

எனவே பியர்பொன்-ரொக்ஸ்பரோ நகரப் பிரிவுச் சபையின் மாதாந்தக் கூட்டத்தில், பொதுமக்கள் கேள்வி நேரத்தில், நாங்கள் எழுந்து நின்று கேட்க வேண்டியவை சில உண்டு. எமது அரங்குகளில் அமோனியா உள்ளதா, கசிந்தால் பெற்றோருக்கு எவ்வாறு அறிவிக்கப்படும்? எந்தத் தொழிலகங்கள் 2019 ஆம் ஆண்டின் கூட்டரசுச் சுற்றுச்சூழல் அவசரநிலை ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டவை? அந்த ஒழுங்குவிதிகளின்படி, பாதிக்கப்படக்கூடிய அயலவருக்குத் தகவல் வழங்குவது நிறுவனங்களின் கடமை. நாம் கெஞ்சிக் கேட்கும் சலுகை அன்று. 'வெளியேறு', 'உள்ளே இரு' என்ற இரண்டு செய்திகளையாவது இங்கு வாழும் சமூகங்களின் மொழிகளில் முன்கூட்டியே அச்சிட்டு வைக்க முடியாதா? 2017 இலும் 2019 இலும் இந்நகரப் பிரிவில் வெள்ளம் வந்தபோது, எத்தனை வீடுகளில் பிள்ளைகளே பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றனர் என்பதை நீங்களே அறிவீர்கள்.

பெற்றோர்களே, வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. 911 இற்கு அழைத்து முகவரியையும், "ஃப்யூயித் து காஸ்" என்ற மூன்று பிரெஞ்சுச் சொற்களையும் சொல்ல வீட்டு முதியோருக்குப் பழக்குங்கள். வாயு கசிகிறது என்பது அதன் பொருள். வீதியில் கவிழ்ந்த பாரவூர்தியைக் கண்டால் அருகே சென்று படம் பிடிக்க வேண்டாம்; அதன் பக்கத்தில் உள்ள சாய்சதுரப் பலகையில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1203 என்றால் பெற்றோல், 1005 அமோனியா, 1017 குளோரின். தொலைவில் நின்று அந்த எண்ணை வாசிக்க முடிந்தால் 911 இற்குச் சொல்லுங்கள், முடியாவிட்டால் நெருங்காதீர்கள். பொருள் என்னவென்று தெரியாதபோது எல்லாத் திசைகளிலும் குறைந்தது 100 மீற்றர் விலகி நிற்க வேண்டும் என்பதே வட அமெரிக்க வழிகாட்டி நூலின் தொடக்க விதி. பனிப்புயலில் மின்சாரம் நின்றால் கரி அடுப்பையோ மின்பிறப்பாக்கியையோ வீட்டினுள் கொண்டு வராதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. அதற்குத் தலைமை தாங்க எந்தச் சேவையும் நேரத்துக்கு வந்து சேராது.

இளையோரே, உங்களிடம் ஒரு கேள்வி. எமது பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் வருவதை நாம் மேடை போட்டுக் கொண்டாடுகின்றோம். தீயணைப்பு வீரராக வந்த பிள்ளைக்கு எந்த மேடையில் மாலை போட்டோம்? லவாலில் உள்ள கியூபெக் தீயணைப்புப் பாதுகாப்பு நிறுவகத்திலும் மொன்மொரன்சி கல்லூரியிலும் அதற்கான பயிற்சி உண்டு. எங்கள் பக்கத்திலேயே, சென்-ஆன்-டு-பெல்வியூவில் உள்ள ஜோன் அபொட் கல்லூரியில் அம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் கற்கையும் காவற்றுறைக் கற்கையும் இருக்கின்றன. நள்ளிரவில் கதவைத் தட்டுபவர் "அம்மம்மா, பயப்படாதேங்கோ, சால்வையை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று சொல்லக்கூடியவராக இருந்தால், அந்தக் கதவு ஒரு நிமிடம் முன்னதாகத் திறக்கும்.

நகரப் பிரிவுச் சபையிடம் கேட்க வேண்டிய கேள்விகளைப் பிரெஞ்சில் எழுதித் தர முன்வரும் இளையோர் தங்கள் பெயர்களை வாசலில் உள்ள பதிவேட்டில் எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றேன். அடுத்த கூட்டத்துக்குச் சேர்ந்தே போவோம்.